அவள் தூங்கும்போது செய்யும் வேலை

கைக்குழந்தைக்காரிக்கு ஊரே சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கிவிடு. பேறு முடிந்து அம்மா வீட்டில் இருந்தவரை அது எனக்குச் சரியாகவே பொருந்தியது. பொள்ளாச்சியில் அம்மா சமைத்தார், சித்தி துணி துவைத்தார், அப்பா கடைக்குப் போய்வந்தார். நான் பால் கொடுத்துவிட்டு மகளோடு படுத்துக்கொண்டேன். ஐந்தாம் மாதம் கோவைக்குத் திரும்பினோம். கணபதியில் வாடகைக்கு ஒரு மாடி வீடு. நாங்கள் இருவர், மகள். கணவர் பம்ப்செட் தொழிற்சாலைக்குக் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஆறரை ஆகும். இந்த வீட்டில் அவள் தூங்கும்போதெல்லாம் நானும் தூங்கினால் உலை வைப்பது யார்?

இப்போது அவளுக்கு ஒன்பது மாதம் முடிந்திருக்கிறது. வீடு முழுக்கத் தவழ்கிறாள், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பு 2021 ஜூலையிலிருந்து 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்ந்தது. அதனால்தான் இன்னும் வீட்டில் இருக்கிறேன். பேறுகாலத்தை எதிர்நோக்கியிருக்கும் தோழி ஒருத்தி, தனி வீட்டில் குழந்தையையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டாள். ஃபோனில் சொல்லி முடியவில்லை. அவளுக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் பெரிதும் உதவியது ஒரே ஒரு பிரிப்பு. வீட்டு வேலைகளை அவசரம், அவசரமில்லை என்று பிரிப்பதை விட்டுவிட்டேன். குழந்தை விழித்திருக்கும்போது செய்யக்கூடியவை, செய்யக்கூடாதவை என்று பிரித்தேன். நெருப்பு, கத்தி, கொதிநீர், மருந்து நெடி உள்ள தரைத் திரவங்கள், தண்ணீர் நிரம்பிய வாளி இவை எல்லாம் செய்யக்கூடாதவை. அவள் தூங்கும் நேரமோ வேறொருவர் கையில் இருக்கும் நேரமோ இவற்றுக்கு மட்டும்தான். துணி மடிப்பது, கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, அலமாரியை ஒழுங்கு செய்வது, மளிகைப் பட்டியல் எழுதுவது போன்றவற்றை அவள் எதிரிலேயே செய்யலாம். அவள் கண் மூடியதும் சோபா மேல் குவிந்த துணியை மடிக்க உட்காருவது அந்த அருமையான முக்கால் மணி நேரத்தை வீணடிப்பது. துணி மடிப்பதைப் பார்ப்பதென்றால் அவளுக்குக் கொள்ளை ஆசை. ஒரு துண்டை எடுத்து அவள் முகத்தை மூடித் திறந்தால் போதும், பத்து உருப்படிகள் மடிந்துவிடும்.

எங்கள் நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. ஆறிலிருந்து ஏழரை வரை மகள் அப்பாவிடம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று வேளைக்குமான அடுப்பு வேலையை முடித்துவிடுகிறேன். குக்கரில் அடியில் பருப்பு, மேல் அடுக்கில் அரிசி, அதன் ஓரத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் மகளுக்கான பாசிப்பருப்பும் ஒரு கைப்பிடி அரிசியும் இரண்டு துண்டு கேரட்டும். ஒரே ஆவியில் மூன்றும் வெந்துவிடும். அவளுக்கு உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருப்பதால் அவளுடையதை மட்டும் தனியே எடுத்து, வெறுமனே நெய் விட்டு மசித்துவிடலாம். அவளுக்கென்று தனியாக அடுப்பு மூட்டிச் சமைத்த நாட்களில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போனது. இன்னொரு அடுப்பில் ஒரு குழம்பு, ஒரு பொரியல். அவ்வளவுதான். ரசமும் கூட்டும் விடுமுறை நாட்களுக்கு.

மதியத்துக்குச் சுடச்சுடச் சோறு வடிக்க வேண்டும் என்பதை விட்டேன். காலைச் சோற்றை வெளியில் வைத்து மாலை வரை இழுப்பதில்லை. கோவையானாலும் சித்திரையில் வெயில் வெயில்தான். வெந்த சோற்றில் கிருமி வளர வெளியில் சில மணி நேரம் போதும். ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்து ஆவி பறக்கச் சூடாக்குகிறேன். மகளுக்கு மட்டும் மதியத்துக்கு ராகி. முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவை அம்மா மாதம் ஒருமுறை அனுப்புகிறார். தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, அந்தப் பாலைக் காய்ச்சினால் கூழ் ஐந்து நிமிடத்தில் தயார். அங்கன்வாடியில் ஆறு மாதம் முடிந்த குழந்தைகளுக்குச் சத்துமாவு தருகிறார்கள். அதையும் வாங்கிவருகிறேன். அரசு ஊழியர் வீட்டில் அது எதற்கு என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். குழந்தையின் எடையும் உயரமும் அங்கே மாதந்தோறும் பார்த்துக் குறிக்கிறார்கள், அதற்காகவே போக வேண்டும் என்று சொன்னேன்.

ஒன்பது மணிக்கு அவளுடைய முதல் தூக்கம். சேலைத் தொட்டிலில் ஆட்டினால்தான் கண் மூடுவாள். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையை இரட்டையாக மடித்து, கூரைக் கொக்கியில் ஸ்பிரிங் மாட்டிக் கட்டியிருக்கிறோம். இந்த நேரம் குளிப்பதற்கும் காய் நறுக்கி டப்பாவில் போடுவதற்கும். நாளைய காயை இன்றே நறுக்கிவிட்டால் காலை ஒன்றரை மணி நேரம் தாராளமாக இருக்கும். வெண்டைக்காய் மட்டும் முன்னாலேயே நறுக்குவதில்லை, வழவழத்துப் போகும். மதியம் பன்னிரண்டரைக்கு இரண்டாவது தூக்கம், அது நீளமானது. அந்தத் தூக்கத்தில் நானும் படுத்துவிடுகிறேன். வீட்டில் என்ன கிடந்தாலும் கிடக்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுப் படுக்கிறேன். இரவில் இரண்டு மூன்று முறை பாலுக்கு எழும் உடம்புக்கு இது மருந்து. ஊர் சொல்லும் அறிவுரையில் பாதியை இப்படி எடுத்துக்கொண்டேன்.

மாவு அரைக்கும் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரைண்டருக்குப் பேர்போன ஊர் எங்களுடையது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்று புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. மகளுக்கு அதன் சத்தம் தாலாட்டு. முதல் முறை ஓடவிட்டபோது அழுதுவிடுவாளோ என்று எண்ணினேன். அந்த ஒரே சீரான கடகடப்பில் என் தோளிலேயே தூங்கிப்போனாள். அன்றிலிருந்து மாவு அரைப்பது மாலைத் தூக்கத்தோடு சேர்ந்துவிட்டது. நாலுக்கு ஒன்று கணக்கில் இட்லி அரிசியும் உளுந்தும், ஒரு கரண்டி வெந்தயமும் காலையிலேயே ஊறிக்கொண்டிருக்கும். முதலில் உளுந்து, அது பந்தாகப் பொங்கி வந்ததும் வழித்துவிட்டு அரிசி. நான் பக்கத்தில் நின்று தண்ணீர் தெளிக்க வேண்டியது உளுந்துக்கு மட்டும்தான். அரிசி தன்பாட்டுக்கு அரையும். அந்த மாவு வாரத்தின் பாதிக்கு வரும். முடியாத வாரத்தில் தெருமுனைக் கடையில் பாக்கெட் மாவு வாங்கிக்கொள்கிறோம். வாங்கிய மாவில் சுட்ட தோசையும் வயிறு நிறைக்கும். தோழி, இதில் உன்னை யாரும் குற்றம் சொன்னால் காதில் வாங்காதே.

துணி. எல்லா வேலையையும்விட இதுதான் பெரிது. பகலில் துணி லங்கோடு, இரவிலும் வெளியில் போகும்போதும் டயப்பர் என்று வைத்திருக்கிறோம். அப்பாவின் பழைய நூல் வேட்டிகளைக் கிழித்து அம்மா தைத்துக் கொடுத்தவை அவை. துவைக்கத் துவைக்க மென்மையாகின்றன. எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் எப்போதும் வரும். குழாயில் நல்ல தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, துணியை விட்டும் சரியாகப் போகாது. காய்ந்த துணி அட்டைபோல் விறைத்துக்கொள்ளும். மகளின் தொடையில் தடிப்பு வந்தபோது, சோப்பைக் குறைத்து, உப்புத் தண்ணீரில் துவைத்தாலும் கடைசி அலசலை நல்ல தண்ணீரில் போடுங்கள் என்றார் மருத்துவர். ஒரு வாளி நல்ல தண்ணீர் தினமும் அதற்கென்று ஒதுக்கிவிட்டோம். தடிப்பு அடங்கிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி காயாமல் ஈர வாடை அடிக்கும்போது இஸ்திரிப் பெட்டிதான் துணை. மழைக்காலத்தில் டயப்பரைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ள நாங்கள் தயங்குவதில்லை.

நல்ல தண்ணீர் வரும் நாளை நான் தனியாகவே வைத்திருக்கிறேன். அன்று வேறு வேலை எதுவும் கிடையாது. குடங்கள், டிரம், சமையலறைத் தொட்டி எல்லாம் நிறைய வேண்டும், எப்போது நிற்கும் என்று தெரியாது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இது எல்லா வேலையிலும் ஆபத்தான வேலை. இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். வாளியில் ஓரிரு அங்குலத் தண்ணீர் இருந்தாலே குழந்தை மூழ்கிவிட முடியும். அந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். எட்டிப்பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக எழுந்துவர அவர்களால் முடியாது. சத்தமும் வராது. தண்ணீர் சேமித்தே வாழ்ந்து பழகிய வீடுகள் நம்முடையவை. குளியலறையில் ஒரு வாளி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்றே வளர்ந்தோம். அந்தப் பழக்கத்தைக் குழந்தை நடந்து, ஓடி, விவரம் வரும்வரை மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் வாளிகள் கவிழ்ந்துதான் இருக்கும். டிரம்முக்கு அழுத்தி மூடும் மூடி. குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம், உயரத்தில், புதிதாக ஒரு தாழ்ப்பாள். தச்சருக்குக் கொடுத்த கூலி சொற்பம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கட்டிலுக்கு முன்னால் வாங்க வேண்டியது அந்தத் தாழ்ப்பாள்தான் என்பேன்.

தரையைப் பற்றியும் என் எண்ணம் மாறியிருக்கிறது. முன்பு வருகிறவர்கள் கண்ணுக்காகக் கூட்டினோம். இப்போது அவள் வாய்க்காகக் கூட்டுகிறோம். கடுகு, கொண்டை ஊசி, ரப்பர் பாண்டு, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரின் துணுக்கு, எல்லாம் அவள் விரல் நுனிக்கு அகப்படும். கைக்கடிகாரத்துக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் போடும் சின்னப் பொத்தான் பேட்டரிகளை வீட்டைவிட்டே அகற்றினோம். விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயையே அரித்துவிடும் பொருள் அது. வேர்க்கடலை டப்பா மேல் தட்டுக்குப் போனது. துடைப்பதற்கு மணம் போட்ட திரவங்களை நிறுத்திவிட்டு, வெறும் தண்ணீரில் இறுகப் பிழிந்த துணி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் அந்த இடத்தில் கொஞ்சம் சோப்பு. தரை பளபளக்கவில்லை. வழுக்கவும் இல்லை. ஒட்டடையும் ஜன்னல் கம்பியும் பாத்திர அலமாரியின் மேல்தட்டும் பொங்கல் வரை காத்திருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

இந்த ஏற்பாடெல்லாம் ஓடுவது ஒரே காரணத்தால்: வீட்டில் இரண்டாவது ஆள் பாதி வேலையைச் சுமக்கிறார். அவர் எனக்கு உதவி செய்கிறார் என்று நான் எழுத மாட்டேன். ஆரம்பத்தில் அப்படித்தான் நடந்தது. பாத்திரம் கழுவட்டுமா, துணி எடுத்துவரட்டுமா என்று கேட்பார், நான் சொல்வேன், செய்வார். கேட்பதும் சொல்வதும் நினைவில் வைப்பதும் என் தலையிலேயே இருந்தன. அதைப் பேசி மாற்றினோம். இப்போது சில வேலைகள் முழுக்க முழுக்க அவருடையவை. மகளின் துணி அவருடையது: ஊறவைப்பதும் துவைப்பதும் காயவைப்பதும் சோப்பு தீர்ந்தால் வாங்குவதும். இரவுப் பாத்திரம் அவருடையது. மாலைக் குளியல் அவருடையது. வேலையிலிருந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு, கால்களை நீட்டி உட்கார்ந்து, மகளை அதில் கிடத்தி வெந்நீர் ஊற்றுவார். அவர் அம்மா கற்றுக்கொடுத்த முறை. அந்த நேரம் எனக்கு முழுசாகக் கிடைக்கிறது.

தடுப்பூசியும் அவருடையது. 6, 10, 14 வாரங்களில் போட வேண்டியவற்றுக்குத் தொழிற்சாலையில் சொல்லி வைத்துவிட்டு வந்தார். 9 மாதம் முடிந்து போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குக் கடந்த புதன்கிழமை அவர்தான் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையம் போனார். அட்டை அவர் பையில் இருக்கிறது. அடுத்தது எப்போது என்று நான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்த நிம்மதியின் அளவைச் சொல்லித் தெரியவைப்பது கடினம். ஒரு தடவை அவர் துணியை நான் விரும்பும் வகையில் உதறிக் காயப்போடவில்லைதான். பரவாயில்லை என்று விட்டேன். அவர் வேலையில் நான் கை வைத்தால் மறுநாளே அது என் வேலையாகிவிடும்.

நம் வீடுகளில் இது எவ்வளவு அரிது என்பது கணக்காகவே இருக்கிறது. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் ஒருமுறை, 2024இல் ஒருமுறை எடுக்கப்பட்டது. 2024 கணக்குப்படி, வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் அதற்குக் கொடுக்கிறாள்; வீட்டு வேலை செய்யும் ஆண் 88 நிமிடம். 2019இல் அது 299, 97 என்று இருந்தது. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. குழந்தை, முதியோர் பராமரிப்பு இதற்கு மேல் தனி. சட்டமும் இப்படித்தான் இருக்கிறது. 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தாய்க்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்தோடு விடுப்பு தந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதையே தருகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்கிறது. நல்லது. தந்தைக்கு அந்தச் சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை. மத்திய அரசு ஊழியரென்றால் 15 நாள் உண்டு. என் கணவர் போன்ற தனியார் தொழிலாளி தன் ஈட்டிய விடுப்பைத்தான் எடுக்க வேண்டும். குழந்தை பிறந்த வாரத்திலேயே அப்பாக்கள் வேலைக்குத் திரும்பிவிட்டால், வீட்டு வேலையும் குழந்தையும் பெண்ணுடையவை என்ற பழக்கம் அந்த வாரமே படிந்துவிடுகிறது. தந்தையர் விடுப்பு தந்தைக்கு மட்டும் நன்மை என்று நான் நினைக்கவில்லை.

அவிநாசியிலிருந்து மாமியார் மாதத்தில் ஒரு வாரம் வந்து தங்குவார். அந்த வாரம் வீடே வேறு மாதிரி இருக்கும். குக்கர் கைப்பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஒரு நாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "கண்ணு, நான் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தோட்டத்து வேலையும் பார்த்தேன், பால் கறந்தேன், பத்துப் பேருக்குச் சோறும் ஆக்கினேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, நினைவு வந்து சொன்னார். அப்போது பிள்ளைகளை யார் வைத்துக்கொண்டது அத்தை என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு ஒவ்வொருவராகச் சொன்னார். அவருடைய மாமியார் ஒருவர். வயதான பெரியம்மா ஒருவர். பிறகு அவருடைய நாத்தனார், அப்போது அவளுக்கு ஒன்பதோ பத்தோ வயது. பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு நிறுத்தி, பிள்ளை தூக்க வைத்துக்கொண்டார்கள்.

அந்த நாத்தனாரை எனக்குத் தெரியும். என் கணவருக்குப் பிரியமான அத்தை. பஸ்ஸில் ஊர்ப்பெயரைப் படிக்கத் தெரியாது என்பதால் இன்றுவரை தனியே வெளியூர் போகமாட்டார். என் கணவரையும் அவர் அண்ணன்களையும் இடுப்பில் சுமந்து வளர்த்தவர் அவர்தான். மாமியார் சொல்லி முடித்ததும் நாங்கள் இருவரும் வெகுநேரம் கீரையை மட்டும் உருவிக்கொண்டிருந்தோம்.

நான் பாடம் நடத்தும் பள்ளியில் இதன் மிச்சத்தை இன்னும் பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி தொடர்ந்து வராமல் போவாள். வீட்டுக்குப் போய்க் கேட்டால், அம்மா மில்லுக்குப் போகிறார், தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பார்கள். எப்போதும் சிறுமிதான். அதே வயது அண்ணன் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். அங்கன்வாடியில் முன்பருவக் கல்விக்கு இரண்டு வயது முடிந்தால்தான் சேர்க்கலாம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் ஏழை வீட்டில் யாரோ ஒருத்தியின் படிப்பிலிருந்தோ கூலியிலிருந்தோ கழிகின்றன. கைக்குழந்தை இருக்கும் வீட்டை ஒரு பெண்ணின் இரண்டு கைகள் மட்டும் நடத்தியதே இல்லை. அந்தக் காலத்துப் பெண்கள் செய்யவில்லையா என்று யாராவது கேட்டால், அவர்களோடு சேர்ந்து செய்த கைகளையும் எண்ணிச் சொல்லுங்கள் என்றே கேட்கிறேன். கோபத்தில் கேட்பதில்லை. அந்தக் கைகளுக்கு உரிய பெயர் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

எங்கள் வீட்டிலும் மூன்றாவதாக ஒரு ஜோடிக் கைகள் உண்டு. காலை பத்து மணிக்கு ஓர் அக்கா வந்து பாத்திரம் கழுவி, கூட்டித் துடைத்துவிட்டுப் போகிறார். அவர் மகள் சிறியவளாக இருந்தபோது கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாராம். வேப்ப மரத்தில் சேலை கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு, செங்கல் சுமந்துகொண்டே எட்டி எட்டிப் பார்ப்பாராம். என் மகள் அழுதால் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு முதலில் ஓடுவது அவர்தான். வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை, பண்டிகைக்கு ஒரு மாதச் சம்பளம், உடம்பு முடியாத நாளில் பிடித்தம் இல்லை என்று பேசிக்கொண்டோம். நான் அரசிடம் 12 மாதம் ஊதியத்தோடு விடுப்பு வாங்கி வீட்டில் இருக்கிறேன். அவருக்கு ஒரு நாள் விடுப்பைக் கணக்குப் பார்க்க எனக்கு மனம் வராது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007இலிருந்து தனி நல வாரியம் இருக்கிறது. அதில் அவர் பெயர் இல்லை என்று தெரிந்ததும், ஆதார் அட்டை, ரேஷன் அட்டை நகல்களோடு என் கணவர் அவருடன் போய்ப் பதிவுக்கு எழுதிக்கொடுத்து வந்தார். தோழி, உன் வீட்டிலும் வேலைக்கு ஒருவர் வருகிறார் என்றால் இதை நீயே முன்னின்று செய்.

சில வேலைகளை முற்றாக நிறுத்தியிருக்கிறேன், அவற்றையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் தினமும் கோலம் இல்லை, வெள்ளிக்கிழமை மட்டும். படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி இல்லை. கைக்குழந்தையைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பலகாரம் இல்லை, காபி மட்டும். வருகிறவர்கள் அரை மணி நேரம் குழந்தையை வைத்துக்கொண்டால் அதுவே பெரிய சீர். கீழ்வீட்டுப் பாட்டி இதைப் புரிந்துகொண்டவர். ஞாயிறு மாலையில் வருவார், மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார், "நீ போய்த் தலைக்கு ஊற்றிக்கொள் கண்ணு" என்பார். வாரத்தில் அன்றுதான் அவசரமில்லாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேன்.

சாம்பிராணிப் புகை, உரை மருந்து, நாக்கில் தேன் ஆகிய மூன்றையும் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதைப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்வது எனக்கு வீட்டு வேலையைவிடக் கடினமாக இருந்தது. ஒரு வயதுக்கு முன் தேன் கொடுத்தால் அதிலிருக்கும் ஒரு வகைக் கிருமி குழந்தையின் குடலில் நஞ்சாகும் வாய்ப்பு உண்டு. இதை மாமியாரிடம் நான் சொன்னபோது அவருக்கு ஒப்பவில்லை. அடுத்த முறை ஊசிக்குப் போனபோது அவரையும் கூட்டிப்போய் மருத்துவரிடமே கேட்கச் சொன்னார் கணவர். கேட்டார், ஒப்புக்கொண்டார். இப்போது அவிநாசியில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கெல்லாம் அவரே போய்த் தேன் வேண்டாம் என்று சொல்கிறாராம்.

விடுப்பு முடிய இன்னும் சில வாரங்கள்தான். பள்ளிக்கு நான் எட்டேகாலுக்கு வீட்டைவிட்டு இறங்க வேண்டும். மாமியார் எங்களோடு வந்து தங்கச் சம்மதித்திருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி இருப்பதால் பகல் முழுக்கத் தவழும் குழந்தைக்குப் பின்னால் அலைய முடியாது. பதினொன்றிலிருந்து இரண்டு வரை கீழ்வீட்டுப் பாட்டியும் மேலே வந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் இருவருக்குமான மதியச் சோறும் காலை ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும்; குக்கரில் இன்னோர் ஆழாக்கு அரிசி கூடும். பகல் துணி லங்கோட்டை மாற்றிப் பெரியவர்களைக் குனிந்து நிமிர வைக்க வேண்டாம் என்று டயப்பருக்கு மாறலாமா என்று கணவர் கேட்கிறார். துணி அவர் பொறுப்பு, முடிவும் அவருடையது. ஃபோன் எண்கள், மருத்துவர் பெயர், காய்ச்சல் மருந்தின் அளவு எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் வேலை என்னுடையது. அதை இன்று இரவு எழுதி முடிக்க வேண்டும்.